ஆட்ட மரத் தேடல் ஆராய்ச்சி: நீலகிரி மாணவர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கத்துக் கல்லூரி மாணவர்களும், அவர்கள் வீட்டுப் பெரியவர்களும் ஒரே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். முதலில் எளிய கேள்விகள், போகப் போகச் சிக்கலானவை. ஒரு இடத்தில் சொன்னதை மறுபடி சொல்லாமல், எந்தக் கேள்வியில் இருக்கிறது என்று மட்டும் காட்டியிருக்கிறோம்.

1. கேம் ட்ரீ சர்ச்னா என்ன சார்? செஸ் கேம் ஆப் எழுதுறதா?

ஆப் எழுதுவது இதன் ஒரு ஓரம். இப்போதைய நிலை ஒரு கணு. அதில் நீங்கள் ஆடக்கூடிய ஒவ்வொரு நகர்வும் ஒரு கிளை. அதற்கு எதிராளி ஆடக்கூடிய பதில்கள் அடுத்த கிளைகள். இப்படி விரிவதுதான் ஆட்ட மரம். எதிராளி தனக்கு நல்லதை மட்டுமே ஆடுவார் என்று வைத்துக்கொண்டு, இலைகளிலிருந்து மதிப்பை மேலே கொண்டுவந்து சிறந்த நகர்வைக் கண்டுபிடிப்பது மினிமேக்ஸ்.

மரம் தாங்க முடியாத அளவுக்குப் பெரிது என்பதுதான் சிக்கல். செஸ்ஸில் ஒரு நிலைக்குச் சராசரியாக 35 நகர்வுகள் உண்டு. இரு பக்கமும் இரண்டிரண்டு முறை ஆடி முடிப்பதற்குள் 15,00,625 இலைகள். முழு ஆட்டங்களின் எண்ணிக்கை 10-இன் அடுக்கு 120 அளவுக்குப் போகும் என்று கிளாட் ஷானன் 1950-லேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். எதையெல்லாம் பார்க்காமலே விடலாம், விட்டாலும் விடை மாறாது என்று எப்படி நிரூபிப்பது? இந்தத் துறையின் வேலை பெரும்பாலும் அதுதான்.

2. ஒருத்தர் வாழ்க்கை பூரா ஆராய்ச்சி பண்ற அளவுக்கு இதுல என்ன இருக்கு?

கனடாவில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தின் ஜோனதன் ஷேஃபரைப் பாருங்கள். 1983-இல் ‘ஹிஸ்டரி ஹியூரிஸ்டிக்’ என்ற சிறிய யோசனையோடு வந்தார்: வேறு இடங்களில் மீதிக் கிளைகளைப் பார்க்காமலே விட உதவிய நகர்வை (இதுதான் வெட்டு, 4-ஆம் கேள்வியில் வரும்) இங்கேயும் முதலில் முயன்று பார். இன்றும் எல்லா செஸ் எஞ்சினிலும் அது ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. 1989-இல் செக்கர்ஸ் என்ற பலகை ஆட்டத்தை ஆடும் ‘சினூக்’ நிரலைத் தொடங்கினார். 1992-இல் அது உலக சாம்பியன் மேரியன் டின்ஸ்லியிடம் 2-க்கு 4 என்று தோற்றது. 1994-இல் மறுபடி மோதியபோது, ஆறு ஆட்டங்கள் டிராவான நிலையில் டின்ஸ்லி உடல்நலக் குறைவால் விலகினார்.

ஷேஃபர் அங்கே நிறுத்தவில்லை. சாம்பியனை வெல்வது வேறு, ஆட்டத்தின் உண்மையான விடையைக் காண்பது வேறு. பல பத்து கணினிகளை ஆண்டுக்கணக்கில் ஓடவிட்டு, 2007-இல் செக்கர்ஸின் விடையை அவரது குழு வெளியிட்டது: இரு பக்கமும் தவறில்லாமல் ஆடினால் டிரா. சுமார் 5-ஐ 10-இன் அடுக்கு 20-ஆல் பெருக்கிய அளவு நிலைகள் கொண்ட ஆட்டம் அது. ஒரே கேள்வியை 18 ஆண்டுகள் விடாமல் பிடித்திருந்ததால் கிடைத்த விடை. அதே பல்கலைக்கழகத்தில்தான் பிறகு போக்கர் ஆராய்ச்சியும் வளர்ந்தது. அங்கே எதிராளியின் சீட்டு தெரியாது என்பதால் மரமே வேறு மாதிரி.

3. செஸ் நல்லா ஆடத் தெரிஞ்சாத்தான் இதுக்குள்ள வர முடியுமா?

தேவையில்லை. விதிகள் பிழையில்லாமல் தெரிந்தால் போதும். 1997 மே மாதம் செஸ் உலக சாம்பியன் காஸ்பரோவை 3.5-க்கு 2.5 என்று வென்ற டீப் ப்ளூ கணினியின் சில்லை வடிவமைத்த ஃபெங்-ஷியுங் ஷு பெரிய செஸ் ஆட்டக்காரர் அல்லர். ஆட்ட அறிவுக்கு ஜோயல் பெஞ்சமின் என்ற கிராண்ட்மாஸ்டரைத் துணைக்கு வைத்துக்கொண்டார்கள்.

உங்களுக்குக் கட்டாயம் வேண்டியவை வேறு: சேர்மானக் கணக்கு, நிகழ்தகவு, தரவுக் கட்டமைப்புகள், கூடவே ஒரு பிழையை மூன்று நாள் துரத்தினாலும் சலிக்காத பொறுமை.

4. ஆல்ஃபா-பீட்டா புக்ல படிச்சேன். புரிஞ்ச மாதிரி இருக்கு, எழுத உக்காந்தா புரியல. ஒரு தடவை கையால போட்டுக் காட்டுங்களேன்.

விடையை மாற்ற முடியாத கிளைகளைப் பார்க்காமலே விட்டுவிடும் மினிமேக்ஸ்தான் ஆல்ஃபா-பீட்டா. உங்களுக்கு அ, ஆ, இ என்று மூன்று நகர்வுகள். ஒவ்வொன்றுக்கும் எதிராளிக்கு மூன்று பதில்கள். பெரிய எண் உங்களுக்கு நல்லது, சிறிய எண் அவருக்கு நல்லது. அ-வின் கீழே 5, 7, 6. எதிராளி 5-ஐத்தான் தேர்ந்தெடுப்பார். எனவே உங்களுக்கு 5 உறுதி. இதுவரை உங்களுக்கு உறுதியான மதிப்புதான் ஆல்ஃபா; எதிராளி உங்களுக்கு விட்டுத்தரும் உச்ச வரம்பு பீட்டா. ஆல்ஃபா இப்போது 5. அடுத்து ஆ-வின் முதல் பதில் 2. இங்கேயே நிறுத்திவிடலாம். மீதி இரண்டும் ஆயிரமாக இருந்தாலும் எதிராளி 2-க்கு மேல் விடமாட்டார், உங்கள் கையிலோ 5 இருக்கிறது. அந்த இரண்டு இலைகளும் வெட்டு. கடைசியில் இ-யின் கீழே 9, 6, 4. 9-ஐப் பார்த்தும் வெட்ட முடியாது, 6-ஐப் பார்த்தும் முடியாது, 4 வரை போயாக வேண்டும். ஆக 9 இலைகளில் 7-ஐப் பார்த்தோம். விடை: அ, மதிப்பு 5.

இ-யின் பதில்களில் 4 முதலில் வந்திருந்தால் அங்கேயும் ஒரே இலையில் வெட்டியிருக்கலாம். மொத்தம் 5 போதும். வரிசைதான் எல்லாம். டொனால்ட் குனூத்தும் ரொனால்ட் மூரும் 1975-இல் இதைத் துல்லியமாக நிறுவினார்கள். வரிசை மிகச் சரியாக இருந்தால், முதல் கேள்வியில் சொன்ன 15,00,625 இலைகளுக்குப் பதில் 2,449 போதும் (35-இன் வர்க்கம் இரண்டு முறை, ஒன்று குறைவாக). அதே நேரத்தில் ஏறக்குறைய இரட்டிப்பு ஆழம் போகலாம். வரிசை மிக மோசமாக இருந்தால் ஒரு இலைகூட மிச்சமாகாது.

எழுதும்போது தடுக்குவது பெரும்பாலும் ஒரே இடத்தில்: நெகாமேக்ஸ் வடிவத்தில் (குறியை மாற்றி இரு பக்கத்துக்கும் ஒரே நிரல் பகுதியைப் பயன்படுத்தும் மினிமேக்ஸ்) குழந்தைக் கணுவுக்குப் போகும்போது ஆல்ஃபாவும் பீட்டாவும் இடம் மாற வேண்டும், இரண்டின் குறியும் மாற வேண்டும், திரும்பி வரும் மதிப்பின் குறியும் மாற வேண்டும். மூன்றில் ஒன்றை விட்டாலும் நிரல் ஓடும், ஆடும், தப்பாக ஆடும்.

5. ப்ரூனிங்னா எஸ்டேட்ல கவாத்து பண்ற மாதிரிதானே?

பாதி சரி. தேயிலைக் கவாத்தில் நல்ல கிளையும் போகும், செடியின் உருவமே மாறும். ஆல்ஃபா-பீட்டாவில் விடையை மாற்றவே முடியாத கிளை மட்டும்தான் போகும். வெட்டினாலும் வெட்டாவிட்டாலும் வேரில் வரும் மதிப்பு ஒன்றே.

ஆனால் நல் மூவ் (null move: தன் முறையை ஆடாமல் விட்டால் என்ன ஆகும் என்று பார்ப்பது), லேட் மூவ் ரிடக்‌ஷன் (பட்டியலில் பின்னால் வரும் நகர்வுகளைக் குறைந்த ஆழத்தில் மட்டும் பார்ப்பது) போன்றவை வேறு வகை. அவை ‘அநேகமாகத் தேவைப்படாது’ என்று ஊகித்து வெட்டுபவை, விடையை மாற்றக்கூடியவை. உதாரணமாக, செஸ்ஸில் நகர்வதே நஷ்டமாகும் இறுதியாட்ட நிலைகளில் நல் மூவ் ஏமாந்துவிடும். அதனால் வெறும் சிப்பாய்களும் ராஜாவும் மட்டும் மிஞ்சிய நிலையில் அதை அணைத்துவிடுவார்கள். கட்டுரை எழுதும்போது இந்த இரண்டு வகையையும் கலக்காதீர்கள்.

6. எதுல ஆரம்பிக்கணும்? பைதானா, சி++-ஆ? நேரா செஸ்ஸுக்குப் போயிடலாமா?

நேராக செஸ்ஸுக்குப் போனால் பிழை தேடலில் இருக்கிறதா, நகர்வு உருவாக்கத்தில் இருக்கிறதா என்றே தெரியாமல் ஆறு மாதம் போய்விடும். முதலில் மூன்றுக்கு மூன்று கட்டத்தில் சுழி-பெருக்கல் ஆட்டம், பைதானில். வெட்டே இல்லாமல் முழு மரத்தையும் எண்ணுங்கள். முடிந்த ஆட்டங்கள் சரியாக 2,55,168 வர வேண்டும். தனித்தனி நிலைகள் 5,478 வர வேண்டும். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் எங்கோ பிழை. ஜெயித்த பிறகும் ஆட்டத்தைத் தொடரவிடுவதுதான் வழக்கமான காரணம்.

இரண்டாவது கனெக்ட் ஃபோர்: 7 நெடுவரிசை, 6 குறுக்குவரிசை. 1988-இல் ஜேம்ஸ் ஆலனும் விக்டர் ஆலிஸும் தனித்தனியாகத் தீர்த்த ஆட்டம் அது. நடு நெடுவரிசையில் தொடங்கினால் முதல் ஆட்டக்காரருக்கு வெற்றி. விடை முன்பே தெரியும் என்பதால் உங்கள் நிரலைச் சரிபார்க்கலாம். இங்கே பைதான் மூச்சு வாங்கும். சி++ அல்லது ரஸ்ட்டுக்கு மாறுங்கள்.

செஸ் மூன்றாவதாக. ஆடவிடுவதற்கு முன் ‘பெர்ஃப்ட்’ சோதனை: ஆரம்ப நிலையிலிருந்து குறிப்பிட்ட ஆழத்தில் எத்தனை இலைகள் என்று எண்ணுவது. 20, 400, 8,902, 1,97,281, 48,65,609, 11,90,60,324 என்று வரவேண்டும். இதோடு திருப்தி அடைந்துவிடாதீர்கள். ஆரம்ப நிலையிலிருந்து ஆறு ஆழத்துக்குள் கோட்டை கட்டுதல் வரவே வராது. அதனால் ‘கிவிபீட்’ என்று பெயர் பெற்ற சோதனை நிலையையும் ஓட்டுங்கள். அங்கே 48, 2,039, 97,862. முதல் ஆழத்திலேயே இரண்டு பக்கமும் கோட்டை கட்ட முடியும்.

7. என் ப்ரோக்ராம் நல்லாத்தான் ஆடுது. திடீர்னு ராணியைச் சும்மா குடுத்துடுது. எங்க தப்பு?

நான்கு இடங்களை இந்த வரிசையில் பாருங்கள். முதலாவது, தேடல் ஆழம் தீர்ந்த இடத்தில் அப்படியே மதிப்பிடுகிறீர்களா? ராணி ஒரு சிப்பாயை வெட்டிய கணத்தில் எண்ணினால் ஒரு சிப்பாய் லாபம். அடுத்த நகர்வில் ராணி போவது தெரியாது. காய்களை வெட்டும் நகர்வுகள் தீரும்வரை மட்டும் மேலே பார்க்கும் ‘க்வையசன்ஸ்’ தேடலைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதில் ‘வெட்டாமலும் இருக்கலாம்’ என்ற வாய்ப்பைக் கொடுக்க மறந்தால், எல்லோரும் கட்டாயம் வெட்டியே ஆக வேண்டும் என்று நிரல் நினைத்துக்கொள்ளும். ராஜா முற்றுகையில் (செக்) இருக்கும்போது மட்டும் அந்த வாய்ப்பு கிடையாது.

இரண்டாவது, தொடுவான விளைவு. 1970-களில் ஹான்ஸ் பெர்லினர் விளக்கியது. தவிர்க்க முடியாத நஷ்டத்தை இடையில் ஒரு சிப்பாயைக் கொடுத்துத் தள்ளிப்போட்டால், அது தேடலின் எல்லைக்கு அப்பால் போய்விடும். நஷ்டமே இல்லை என்று நிரல் நம்பிவிடும். முற்றுகை நகர்வுகளுக்கு ஒரு ஆழம் கூட்டிக் கொடுத்தால் இது குறையும், அடியோடு போகாது.

மூன்றாவது, நேரம் முடிந்து பாதியில் நின்ற தேடலின் விடையைப் பயன்படுத்துவது. ஆழம் 1, 2, 3 என்று ஒவ்வொன்றாக முடித்துப் போகும்போது, முடிந்த கடைசி ஆழத்தின் நகர்வைத்தான் ஆட வேண்டும். நான்காவது, நகர்வைத் திரும்பப் பெறும்போது கோட்டை உரிமை, ஆன்-பாசான் கட்டம் (இரண்டு கட்டம் தாண்டிய சிப்பாயைப் பக்கத்துச் சிப்பாய் வெட்டக்கூடிய இடம்), ஹாஷ் எண் (நிலையின் அடையாள எண், 8-ஆம் கேள்வி) ஆகியவற்றில் ஒன்று பழைய நிலைக்குத் திரும்பாமல் போவது. சோதனைக்காக ஒவ்வொரு கணுவிலும் ஹாஷ் எண்ணை முதலிலிருந்து கணக்கிட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். பத்து மடங்கு மெதுவாகும், ஆனால் பிழை எந்தக் கணுவில் பிறந்தது என்று அங்கேயே பிடிபடும்.

8. ஹாஷ் டேபிள் சேர்த்ததும் வேகம் வந்துச்சு, ஆனா விடை மாறுது. மாறலாமா?

ஒரே நிலைக்குப் பல வழிகளில் வந்து சேரலாம், அதனால் கண்டதைக் குறித்து வைப்பதே ட்ரான்ஸ்பொசிஷன் டேபிள். நிலைக்கு எண் கொடுக்க 1970-இல் ஆல்பர்ட் ஜோப்ரிஸ்ட் சொன்ன முறை: 12 வகைக் காய்கள், 64 கட்டங்கள், ஆக 768 தற்செயல் எண்கள், யார் முறை என்பதற்கு 1, கோட்டை உரிமைக்கு 4, ஆன்-பாசான் நெடுவரிசைக்கு 8. மொத்தம் 781, ஒவ்வொன்றும் 64 பிட். ஒரு பதிவு 16 பைட் என்றால் 1 ஜிபியில் சுமார் 6 கோடியே 71 லட்சம் பதிவுகள் அடங்கும்.

விடை மாறக் காரணங்கள் மூன்று. வெட்டு விழுந்த கணுவின் மதிப்பு சரியான மதிப்பு அல்ல, ‘குறைந்தது இவ்வளவு’ அல்லது ‘அதிகபட்சம் இவ்வளவு’ என்ற எல்லை மட்டுமே. அதை எந்த வகை என்று குறிக்காமல் சேமித்தால் வெளிப்படையான பிழை. அடுத்தது, மேட் மதிப்பு. வேரிலிருந்து எத்தனை நகர்வு என்று எண்ணி வைத்ததை அப்படியே டேபிளில் போட்டால், வேறு ஆழத்திலிருந்து வரும்போது தப்பாகும். போடும்போது அந்தக் கணுவிலிருந்து எண்ணுமாறு மாற்றுங்கள், எடுக்கும்போது திருப்பி மாற்றுங்கள். இந்த இரண்டும் திருத்த வேண்டியவை.

மூன்றாவது எளிதில் திருத்த முடியாத வகை. ஒரே நிலை, ஆனால் வந்த வழியைப் பொறுத்து ஒன்றில் மூன்றாவது முறையாகத் திரும்பி வருவதால் டிரா, மற்றதில் இல்லை. டேபிளுக்கு வழி தெரியாது. வரைபட வரலாற்றுச் சிக்கல் என்று இதையே தனியாக ஆராய்ந்து கட்டுரைகள் வந்திருக்கின்றன. ஆடும் நிரலில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆட்டத்தைத் தீர்க்கும் நிரலில் பொறுத்துக்கொள்ளவே கூடாது. அங்கே இது ஒன்று போதும், முழு நிரூபணமும் விழுந்துவிடும்.

9. புது வெர்ஷன் பழசோட 20 ஆட்டத்துல 12 ஜெயிச்சுது. பெட்டர்னு ரிப்போர்ட்ல போட்டுடலாமா?

போடக்கூடாது. 20 ஆட்டம் எதையும் சொல்லாது. பாதி ஆட்டங்கள் டிரா ஆகும் என்று வைத்துக்கொண்டால், 100 ஆட்டத்தில் ஈலோ (ஆட்டத்திறனை அளக்கும் புள்ளி) வித்தியாசத்தின் பிழை எல்லை சுமார் 50 புள்ளி. 1,000 ஆட்டத்தில் 15, 10,000 ஆட்டத்தில் 5. புதிய யோசனைகள் பெரும்பாலும் 5 முதல் 10 புள்ளிதான் தரும். அதைக் காண ஆயிரக்கணக்கில் ஆட வேண்டும்.

ஒரு நகர்வுக்கு அரை நொடிக்கும் குறைவாகக் கொடுங்கள். தொடக்கம் ஒரே மாதிரி இருந்தால் ஒரே ஆட்டத்தையே திரும்ப ஆடும், அதனால் சில நூறு தொடக்க நிலைகளின் பட்டியல் வையுங்கள். ஒவ்வொன்றையும் வெள்ளை, கறுப்பு மாற்றி இரண்டு முறை ஆடுங்கள். ‘ஜெயிக்கும் வரை ஓட்டிவிட்டு, ஜெயித்ததும் நிறுத்துவது’ புள்ளியியல் மோசடி. எப்போது நிறுத்தலாம் என்பதை முன்பே தீர்மானிக்கும் தொடர் சோதனை முறை இருக்கிறது, ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் எஞ்சினின் குழு அதைத்தான் பயன்படுத்துகிறது. இந்த ஒரு ஒழுக்கம் இருந்தாலே உங்கள் எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் பல ஆய்வேடுகளை விட நம்பத்தக்கதாக இருக்கும்.

10. ஆல்ஃபாகோ வந்த பிறகு இதெல்லாம் செத்துப்போச்சு, எல்லாமே நியூரல் நெட்வொர்க்னு சொல்றாங்களே?

2016 மார்ச்சில் கோ என்ற பலகை ஆட்டத்தில் லீ செடோல் என்ற முன்னணி ஆட்டக்காரரை 4-1 என்று வென்ற ஆல்ஃபாகோவின் உள்ளேயே மரத் தேடல்தான் ஓடியது. ‘மான்டி கார்லோ மரத் தேடல்’ என்று பெயர்: நகர்வுகளைப் பலமுறை முயன்று பார்த்து, கிடைத்த முடிவுகளின் சராசரியால் மதிப்பிடுவது. 2006-இல் ரெமி கூலோம் தன் கோ நிரலில் கொண்டுவந்தார். அதே ஆண்டு கோச்சிஷும் செபெஷ்வாரியும் அதற்கு யுசிடி என்ற கணித அடித்தளம் தந்தார்கள். கோ ஆட்டத்தில் ஒரு நிலைக்குச் சுமார் 250 நகர்வுகள். நிலையை மதிப்பிட நல்ல சூத்திரமும் இல்லை. அங்கே ஆல்ஃபா-பீட்டா திணறியது.

யுசிடியின் மையம் ஒரு சிறிய கணக்கு. ஒரு நகர்வை 60 முறை முயன்று 36 வெற்றி, சராசரி 0.6. இன்னொன்றை 10 முறை முயன்று 5 வெற்றி, சராசரி 0.5. மொத்தம் 70. சராசரியோடு ஒரு ஊக்கத்தொகை சேரும்: மொத்த முயற்சியின் இயல் மடக்கையை அந்த நகர்வின் முயற்சியால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 1.4-ஆல் பெருக்குவது. முதல் நகர்வுக்கு 0.97, இரண்டாவதுக்கு 1.41. அடுத்து முயலப்படுவது இரண்டாவது. சராசரி குறைவுதான், ஆனால் போதுமான அளவு பார்க்கப்படவில்லை.

செஸ்ஸிலோ கதை வேறு பக்கம் போனது. ஜப்பானின் ஷோகி ஆட்டத்துக்காக 2018-இல் யூ நாசு உருவாக்கிய சிறிய, வேகமான நரம்பு வலை 2020-இல் ஸ்டாக்ஃபிஷுக்குள் வந்தது. மதிப்பீட்டை வலை செய்கிறது, தேடலை இன்றும் ஆல்ஃபா-பீட்டாதான் செய்கிறது. எதுவும் சாகவில்லை. வலையும் தேடலும் எங்கே கைகோர்க்க வேண்டும் என்பதுதான் இன்றைய கேள்வி.

11. வீட்ல பழைய லேப்டாப்தான் அண்ணா. ஜூன், ஜூலைல மரம் விழுந்தா ரெண்டு நாள் கரண்ட் வராது. இதுல எப்படி வாரக்கணக்கா ஓட்டுறது?

ஓட்டலாம். நிரலைக் கரண்ட் போகும் என்று எதிர்பார்த்தே எழுத வேண்டும். கணக்கைத் துண்டு துண்டாகப் பிரியுங்கள்; ஒரு துண்டு அதிகபட்சம் அரை மணி நேரம். முடிந்ததும் தற்காலிகக் கோப்பில் எழுதி, வட்டுக்குப் போய்ச் சேர்ந்ததை உறுதிப்படுத்தி, அதன் பிறகே சரியான பெயருக்கு மாற்றுங்கள். நேரடியாகப் பழைய கோப்பின் மேல் எழுதினால், எழுதும்போது கரண்ட் போய் இரண்டும் போகும். ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 சரிபார்ப்பு எண் குறித்து வையுங்கள்.

லேப்டாப்பின் பேட்டரியே யுபிஎஸ். ஆனால் தனி அடாப்டர் வைத்த பெரிய ஹார்ட் டிஸ்க் கரண்டோடு சேர்ந்து நின்றுவிடும். யுஎஸ்பியிலேயே மின்சாரம் எடுக்கும் சின்ன டிஸ்க் அல்லது எஸ்எஸ்டி வாங்குங்கள். ஊட்டிக் குளிர் செயலிக்கு நல்லது, சூட்டால் வேகம் குறைவது அபூர்வம். எதிரி ஈரம்தான். மழை மாதங்களில் வெளியிலிருந்து கொண்டுவந்த லேப்டாப்பை உடனே இயக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள். நினைவகத்தில் ஒரு பிட் புரண்டாலும் தெரியாது என்பதால், முக்கியமான துண்டுகளை இரண்டு முறை கணக்கிட்டுச் சரிபார்ப்பு எண்களை ஒப்பிடுங்கள்.

12. ஆடுபுலி ஆட்டத்தை வெச்சு ஆராய்ச்சி பண்ணலாமா? பெரிய கம்ப்யூட்டர் வேணுமா?

தாராளமாகப் பண்ணலாம். லேப்டாப்பே போதும் என்பதைக் கணக்காகவே பார்ப்போம். முக்கோணப் பலகையில் 23 புள்ளிகள்: உச்சியில் 1, மூன்று குறுக்குக் கோட்டில் ஆறாறு, அடியில் 4. புலி 3, ஆடு 15. எல்லா ஆடுகளையும் இறக்கிய பிறகு வரும் நகர்த்தும் கட்டத்தை மட்டும் எடுங்கள். 23-இல் 3 புலியை வைக்க 1,771 வழி. மிச்சம் 20 புள்ளியில் 0 முதல் 15 ஆடு வரை வைக்க 10,42,380 வழி. பெருக்கினால் 184 கோடியே 60 லட்சத்துச் சொச்சம். யார் முறை என்பதையும் சேர்த்தால் சுமார் 369 கோடி நிலைகள். வெற்றி, தோல்வி, டிரா, தெரியாது என்று நிலைக்கு 2 பிட் வீதம் 1 ஜிபிக்குள் அடங்கிவிடும். பலகை இடம் வலம் ஒத்தது என்பதால் அதிலும் பாதி.

இங்கே மேலிருந்து தேடுவதை விடப் பின்னோக்கி வருவது நல்லது. புலிகள் அசைய முடியாத நிலைகளை ஆட்டுக்கு வெற்றி என்றும், ஆடுகள் குறித்த எண்ணிக்கைக்குக் கீழே போன நிலைகளைப் புலிக்கு வெற்றி என்றும் முதலில் குறியுங்கள். பிறகு ஒவ்வொன்றிலிருந்தும் ‘இதற்கு முந்தைய நிலை எது’ என்று பின்னால் போங்கள். எதிராளி தோற்கும் நிலைக்கு ஒரு நகர்வில் போக முடிந்தால் வெற்றி. எல்லா நகர்வும் எதிராளியின் வெற்றிக்கே போனால் தோல்வி. இதற்காக ஒவ்வொரு நிலைக்கும் மிச்சமுள்ள நகர்வுகளின் எண்ணிக்கையை வைத்துக் குறைத்துக்கொண்டே வரவேண்டும். கடைசிவரை குறிக்கப்படாதவை டிரா. ஆடு வெட்டுப்பட்டால் எண்ணிக்கை குறையும், கூடாது. எனவே குறைந்த ஆடுகளின் அடுக்கை முதலில் முடித்து மேலே வாருங்கள். மிகப் பெரிய அடுக்கு 10 ஆடு உள்ளது: ஒரு பக்கத்துக்கு 32 கோடியே 72 லட்சம் நிலைகள். நிலைக்கு ஒரு பைட் கொடுத்தாலும் இரண்டு பக்கத்துக்கும் 1 ஜிபி ஆகாது.

இறக்கும் கட்டத்துக்கு இந்த அட்டவணையை அடியில் வைத்து ஆல்ஃபா-பீட்டா ஓட்ட வேண்டும், அங்கேதான் நிஜமான உழைப்பு. நேபாளத்தின் ‘பாக் சால்’ ஆட்டத்தை (25 புள்ளி, 4 புலி, 20 ஆடு) யூ ஜின் லிம், யுர்க் நீவர்கெல்ட் இருவரும் இதே பாதையில் தீர்த்து டிரா என்று நிறுவினார்கள். தொடங்குமுன் செய்ய வேண்டியது விதியை எழுத்தில் நிலைநிறுத்துவது: எத்தனை ஆடு போனால் புலிக்கு வெற்றி, ஒரே முறையில் இரண்டு ஆட்டைத் தாண்டலாமா, நிலை திரும்பத் திரும்ப வந்தால் என்ன. ஊருக்கு ஊர் மாறும். உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுப் பதிவு செய்யுங்கள், அதுவும் ஆய்வின் பகுதியே. இதற்கு முன் யார் என்ன செய்தார்கள் என்று தேடிப் படித்துவிட்டு வேலையில் இறங்குங்கள்.

13. ஊட்டி கவர்மென்ட் ஆர்ட்ஸ் காலேஜ்ல பி.எஸ்சி. மேத்ஸ் முடிக்கப் போறேன். அடுத்து எந்த வழியில போகணும்?

கணிதம் படித்தது நல்ல அடித்தளம். எம்.சி.ஏ. என்றால் தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கு டான்செட் நுழைவுத் தேர்வு, திருச்சி உள்ளிட்ட என்.ஐ.டி.களுக்கு நிம்செட் நுழைவுத் தேர்வு. கோட்பாட்டில் ஆர்வம் இருந்தால் சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் நிறுவனத்தின் எம்.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு நுழைவுத் தேர்வு எழுதுங்கள். கேட் (GATE) தேர்வைப் பட்டப்படிப்பின் மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம். ஆனால் ஐ.ஐ.டி.யில் எம்.டெக்.குக்கு வெறும் மூன்றாண்டு பி.எஸ்சி. பொதுவாகப் போதாது, எம்.எஸ்சி. அல்லது எம்.சி.ஏ. வேண்டும்.

அதுவரை காத்திருக்க வேண்டாம். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த தீபக் கேமானியின் தேடல் முறைகள் பற்றிய பாடம் என்.பி.டி.இ.எல். என்ற இணையப் பாடத் தளத்தில் இலவசமாக இருக்கிறது. ஆட்ட மரங்களுக்கு அதில் தனி இடம் உண்டு. சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம். பாடத்தைக் கேட்டுக்கொண்டே 6-ஆம் கேள்வியில் சொன்ன மூன்று நிரல்களை எழுதி முடித்தால், நேர்முகத்தில் காட்டக் கையில் ஏதாவது இருக்கும்.

14. என் பொண்ணு இதைத்தான் படிப்பேன்னு நிக்குறா. விளையாட்டை ஆராய்ச்சி பண்ணி யாருங்க சம்பளம் குடுப்பாங்க?

நியாயமான கேள்வி. ஆட்டத் தேடலுக்கென்றே ஆள் எடுக்கும் வேலை இந்தியாவில் மிகக் குறைவு, அதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் இதில் கற்பது ஆட்டத்தோடு நிற்பதில்லை. பெரிய மரத்தில் வெட்டித் தேடுவதுதான் சில்லு வடிவமைப்பைச் சரிபார்க்கும் மென்பொருளிலும், ரயில், விமானப் பணியாளர் அட்டவணையிலும், சரக்கு வண்டிகளின் பாதைத் திட்டத்திலும் நடக்கிறது. நினைவகத்தை அளந்து பயன்படுத்தி வேகமான சி++ எழுதத் தெரிந்தவருக்கு அந்த நிறுவனங்களில் இடம் உண்டு.

பிஎச்.டி. போனால் படிக்கும்போதே வருமானம் உண்டு. யு.ஜி.சி. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால், 2023-இல் உயர்த்திய விகிதப்படி முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000 ரூபாய். வீட்டு வாடகைப்படி தனி. நெட் தேர்ச்சி பெற்றவர் கல்லூரி ஆசிரியராகவும் விண்ணப்பிக்கலாம். ஆக, உங்கள் பெண்ணுக்கு ஆராய்ச்சி, கற்பித்தல், தொழில் என்று மூன்று கதவு. எம்.சி.ஏ. அல்லது எம்.எஸ்சி.யை நல்ல இடத்தில் முடிக்கவிடுங்கள், பிஎச்.டி.யை அப்போது முடிவு செய்தால் போதும்.

15. இந்த டாபிக்ல கைடே கிடைக்கலைன்னா? கட்டுரையை எங்க அனுப்புறது?

‘கேம் ட்ரீ’ என்ற பெயரில் வழிகாட்டி தேடாதீர்கள். ஹியூரிஸ்டிக் தேடல், திட்டமிடல், சேர்மான உகப்பாக்கம், வலுவூட்டல் கற்றல் என்று தேடுங்கள். அங்கே இருப்பவர்களுக்கு இந்த மொழி புரியும். கடிதத்தில் ‘எனக்கு ஏஐ-யில் ஆர்வம்’ என்று எழுதினால் பதில் வராது. ‘இந்த நிரலை எழுதினேன், பெர்ஃப்ட் சரியாக வருகிறது, இந்த மாற்றத்தால் கணுக்கள் இவ்வளவு குறைந்தன, காரணம் தெரியவில்லை’ என்று அரைப் பக்கம் எழுதுங்கள்.

துறையின் சொந்த இடங்கள்: ஐ.சி.ஜி.ஏ. ஜர்னல், ‘அட்வான்சஸ் இன் கம்ப்யூட்டர் கேம்ஸ்’ மாநாடு, ‘கம்ப்யூட்டர்ஸ் அண்ட் கேம்ஸ்’ மாநாடு, ஐ.ட்ரிபிள்.ஈ.யின் ட்ரான்சாக்‌ஷன்ஸ் ஆன் கேம்ஸ். ‘மூன்று நாளில் பிரசுரம், பணம் மட்டும் அனுப்புங்கள்’ என்று மின்னஞ்சல் அனுப்பும் இதழ்களில் போடாதீர்கள். பிறகு நல்ல இடத்தில் விண்ணப்பிக்கும்போது அந்தக் கட்டுரை உங்களுக்கு எதிராகவே பேசும்.

16. எல்லாத்தையும் 1970, 80-லயே கண்டுபிடிச்சுட்டாங்க. புதுசா என்ன மிச்சம்?

ஒரு உதாரணம் போதும். 1979-இல் ஜார்ஜ் ஸ்டாக்மன் எஸ்.எஸ்.எஸ்.ஸ்டார் என்ற முறையை வெளியிட்டார். ஆல்ஃபா-பீட்டா தவிர்த்த எந்த இலையையும் அது பார்க்காது என்று நிறுவினார். ஆனால் நினைவகத்தை விழுங்கும், வரிசைப்பட்டியலைப் பராமரிப்பது மெதுவாகும் என்று ஒதுக்கிவிட்டார்கள். 1983-இல் விபின் குமாரும் லவீன் கனாலும் இரண்டும் ஒரே குடும்பத்து முறைகள் என்று ஒரு பொதுச் சட்டகத்தில் காட்டினார்கள். 1990-களின் நடுவில் ஆஸ்கே ப்ளாட், ஷேஃபர் முதலானோர் இன்னும் ஒரு படி போனார்கள்: ஆல்ஃபா-பீட்டாவை மிகக் குறுகிய சாளரத்தோடு (ஆல்ஃபாவுக்கும் பீட்டாவுக்கும் இடைவெளி மிகக் குறைவாக வைத்து), ட்ரான்ஸ்பொசிஷன் டேபிளை வைத்துத் திரும்பத் திரும்ப அழைத்தால் அதுவே எஸ்.எஸ்.எஸ்.ஸ்டார். நினைவகப் பயமும் பெரும்பாலும் தேவையற்றது என்று தெரிந்தது. அதிலிருந்து எம்.டி.டி.-எஃப் என்ற தேடல் முறை பிறந்தது. எல்லோருக்கும் தெரிந்த இரண்டு பழைய முறைகளை யாராவது நிஜமாக ஓட்டி அளந்து பார்த்ததால் வந்த முடிவு அது.

இன்று திறந்து கிடப்பவை: மூன்று பேருக்கு மேல் ஆடும் ஆட்டங்களில் நல்ல வெட்டு விதிகள், மறைந்த தகவல் உள்ள சீட்டாட்டங்கள், செயலியின் பல கருக்கள் (கோர்) சேர்ந்து ஒரே மரத்தைத் தேடும்போது வீணாகும் உழைப்பு, நரம்பு வலையின் தவறான நம்பிக்கையைத் தேடல் எப்படிக் கண்டுபிடிப்பது என்பது.

17. “சால்வ் பண்ணிட்டாங்க”ன்னா சரியா என்ன அர்த்தம்? செஸ்ஸையும் ஒரு நாள் சால்வ் பண்ணிடுவாங்களா?

மூன்று நிலைகள் உண்டு. ஆரம்ப நிலையின் முடிவு மட்டும் தெரிவது மிக மெலிந்த தீர்வு. எப்படி ஆடுவது என்று தெரியாமலேகூட இருக்கலாம். ஆரம்பத்திலிருந்து அந்த முடிவை எட்டும் ஆட்டமுறையும் கையில் இருப்பது மெலிந்த தீர்வு. விதிப்படி வரக்கூடிய எந்த நிலையைக் கொடுத்தாலும் விடை சொல்வது வலுவான தீர்வு. 2-ஆம் கேள்வியில் சொன்ன செக்கர்ஸ் இரண்டாவது வகை. 12-இல் சொன்ன நகர்த்தும் கட்ட அட்டவணை, அந்தக் கட்டத்துக்கு மட்டும், மூன்றாவது வகை. ஆய்வேட்டின் தலைப்பிலேயே எந்த வகை என்று எழுதிவிடுங்கள்.

செஸ்ஸில் விதிப்படியான நிலைகள் சுமார் 10-இன் அடுக்கு 44. செக்கர்ஸை விடப் பல நூறு கோடி கோடி கோடி மடங்கு. வேகமான கணினி வந்தால் மட்டும் தாண்டக்கூடிய இடைவெளி அல்ல அது.

18. ஆழம் கூட்டினா எப்பவும் நல்ல நகர்வு வருமா? என் ப்ரோக்ராம் ஆழம் 6-ல சரியா சொன்னதை 7-ல மாத்திடுது.

முதலில் எளிய காரணம். ஒற்றைப்படை ஆழத்தில் கடைசி நகர்வு உங்களுடையது, இரட்டைப்படையில் எதிராளியுடையது. கடைசியாக ஆடியவருக்குச் சாதகமாக மதிப்பு சாய்வது இயல்பு. 6-ஐ 8-ஓடு ஒப்பிடுங்கள், 7-ஓடு வேண்டாம்.

அடுத்தது ஆழமான காரணம். 1970-களின் இறுதியில் டேனா நாவ், சில செயற்கை மரங்களில் ஆழமாகத் தேடத் தேட முடிவு மோசமாகிறது என்று நிரூபித்தார். மினிமேக்ஸ், பிழை கலந்த மதிப்பீடுகளைப் பிழையே இல்லாதவைபோல எடுத்துக்கொண்டு பெரியது, சிறியது என்று தேர்ந்தெடுக்கிறது. இலைகளின் மதிப்புகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் இருந்தால் பிழை மேலே வர வர வளரும். செஸ்ஸில் இப்படி நடக்காததற்குக் காரணம், பக்கத்துப் பக்கத்து நிலைகள் ஒன்றையொன்று ஒத்திருப்பதும், ஆழம் கூடும்போது மேட் போன்ற உறுதியான முடிவுகள் கண்ணில் படுவதும். ஜூடியா பேர்ல் இதை விரிவாக ஆராய்ந்தார்.

உங்கள் நிரலில் எது என்று கண்டுபிடிக்க வழி உண்டு. கனெக்ட் ஃபோரில் விடை தெரிந்த சில நூறு நிலைகளை எடுங்கள். ஆழம் 2, 4, 6, 8 என்று ஓட்டி, ஒவ்வொன்றிலும் எத்தனை சரி என்று அட்டவணை போடுங்கள். சரியான விடைகள் கூடிக்கொண்டே போனால் தேடல் நலம். எங்கேயாவது விழுந்தால் முதலில் 8-ஆம் கேள்வியின் பிழைகளைத் தேடுங்கள். அவை இல்லையென்றால் மதிப்பீட்டுச் சூத்திரத்தில் பக்கத்து நிலைக்குத் திடீரென்று தாவும் உறுப்பு எது என்று பாருங்கள். அதை நீக்கிவிட்டு அதே அட்டவணையை மறுபடி போடுங்கள்.